ஒஷாவாவுக்குப் போன ஒட்டுப் போர்வை

கையால் ஏதாவது வேலை செய்தால் என் இரத்த அழுத்தம் குறையும் என்று டொக்டர் சொன்னார். தோட்டம், மரவேலை, அப்படி ஏதாவது என்றார். அப்போது ரொறன்ரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது, ஆகவே தோட்டம் இல்லை. என் கையில் மரம் அரியும் வாளைக் கொடுத்தால் வீட்டுத் தளபாடங்களுக்கு என்ன நடக்கும் என்பது என் மனைவிக்குத் தெரியும், ஆகவே மரவேலையும் இல்லை. கடைசியில் அஜின்கோர்ட் நூலகத்து அறிவிப்புப் பலகையில் அவள் ஒரு வகுப்பைக் கண்டுபிடித்தாள். ஆரம்பக் குடியேறிகள் காலத்து முறையில், தையல் மெஷின் தொடாமல், கையாலேயே குவில்ட் என்னும் ஒட்டுப் போர்வை தைக்கும் வகுப்பு. இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். வகுப்புத் தொடங்குவதற்குள் அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஷிப்ட் மாறிவிட்டது. நான் தனியாகப் போனேன். அதுவரை நான் ஒரு சேர்ட்டுக்குப் பொத்தான்கூடத் தைத்தவனில்லை.

வகுப்பில் நான் ஒருவன்தான் ஆண். ஆசிரியை வயதான வெள்ளைக்காரப் பெண்மணி. அந்தக் காலத்துப் பெண்களைப் போலவே நீளப் பாவாடையும், தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்ட துணித் தொப்பியுமாக வந்திருந்தார். காட்டை வெட்டிக் குடியேறியவர்கள் பழைய உடுப்புகளை வீசாமல் துண்டுகளாக்கி, அவற்றை இணைத்து மேல்துணியாக்கி, நடுவில் பஞ்சு வைத்து, அடியில் இன்னொரு துணி கொடுத்து மூன்றையும் சேர்த்துத் தைத்த கதையைச் சொன்னார். நாங்கள் தைக்கப்போவது மரவீட்டுக் கோலம். நடுவில் சின்னச் சிவப்புச் சதுரம், அது அடுப்பு. அதைச் சுற்றிச் சுற்றி மரக்குற்றிகளை அடுக்கியதுபோல நீளத் துணிக் கீலங்கள். இப்படிப் பல கட்டங்கள் சேர்ந்தால் ஒரு குவில்ட். கதிரைக்குப் போடும் அளவில் சின்னதாகத் தொடங்குங்கள் என்று அவர் எல்லோருக்கும் சொன்னார். எனக்கு அது அவமானமாகப் பட்டது. அடுப்பு மூட்டத் தெரியாமல் காட்டுக்குள் இறங்கியவர்கள் கட்டில் அளவுக்குத் தைத்திருக்கிறார்கள். நான் கணக்குப் பார்க்கும் உத்தியோகத்தில் இருப்பவன். எனக்கு ஏன் முடியாது?

வீட்டுக்கு வந்த கையோடு குடும்ப வட்ஸ்அப் குழுவில் அறிவித்தேன். ஒஷாவாவில் புதிதாக வீடெடுத்துப் போயிருக்கும் எங்கள் மகளுக்கு, பெரிய கட்டில் அளவில், முழுவதும் கையால் தைத்த குவில்ட் ஒன்று என் பரிசு. துணி ஒன்றும் வாங்கமாட்டேன், எல்லோரும் பழைய உடுப்புத் தாருங்கள் என்றும் எழுதினேன். மனைவி வேலை முடிந்து வந்து அதை வாசித்தாள்.

"ஊசியில நூல் கோத்துப் பாத்தனீங்களோ?" என்று மட்டும் கேட்டாள்.

பழைய உடுப்புத் தரச் சொன்னால் எங்கள் ஆட்கள் என்ன தருவார்கள் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த எல்லாவற்றையும் தந்தார்கள். மில்லிக்கனில் இருக்கும் மச்சான், அதாவது மனைவியின் அண்ணை, கார் நிறையப் பைகளோடு வந்து இறக்கினார். பழைய திரைச்சேலை, கழுத்துப்பட்டிகள், நீச்சல் உடுப்பு ஒன்று, யாருடையதென்று அவருக்கே தெரியாத ஒரு கோட். குவில்ட்டுக்கு வேண்டிய பருத்தியைத் தவிர எல்லாம் இருந்தது. வகுப்புக்கு ஒரு பையைக் கொண்டுபோனபோது ஆசிரியை ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்து, மிகவும் மரியாதையாக மேசைக்குக் கீழே வைத்துவிட்டார்.

அதன் பிறகு மச்சானின் பேத்தியின் பிறந்தநாள் வந்தது. அங்கே எல்லோருக்கும் முன்னால் மச்சான் என் தோளில் கைபோட்டு, "இவர் இப்ப பொம்பிளையளோட இருந்து தையல் பழகுறார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து, இனி அவரோடு தேவைக்கு மேல் கதைப்பதில்லை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

எங்கள் வீட்டுப் பழைய பருத்தி உடுப்புகளை எடுத்து நான் ரோசத்தோடு வெட்டினேன், தைத்தேன். கட்டங்களை இணைக்கும் நாள் வந்தபோது ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. எல்லாம் நான் போட்ட கணக்கைவிடச் சின்னதாக இருந்தன, அதிலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. பக்கத்து மேசையில் சென்னையிலிருந்து வந்து இங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பெண் இருந்தாள். எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், தையலுக்குன்னு ஓரத்துல கொஞ்சம் துணி விடணுமே, விட்டீங்களா?"

விடவில்லை. தைக்கும்போது துணியின் ஓரம் உள்ளே மடிந்து போய்விடும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. அந்தக் காலத்துக் குடியேறிகள் அளவுகோல் வைத்திருக்கவில்லை, அதனால் வேண்டுமென்றே இப்படி வெட்டினேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் அதை நம்பியதுபோலத் தலையாட்டியது என்னை மேலும் நோகச் செய்தது. கட்டங்களை இழுத்தும் சுருக்கியும் எப்படியோ இணைத்தேன்.

பிறகு மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் செற்றியில், இடுப்பில் கட்டிய சாரத்தோடு இருந்து, குவில்ட்டை மடியில் பரப்பி, தமிழ் ரீவியில் செய்தி பார்த்தபடி தைப்பேன். கீழே விரல் வைத்து ஊசி நுனியைத் தடவிப் பார்க்க வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். விரலில் குத்துகிறது என்பதற்காக நான் அதைக் கைவிட்டிருந்தேன். அன்று தையல் நன்றாக ஓடியது. ஒரு நீள வரிசையை நிறுத்தாமல் தைத்து முடித்தேன். அப்போது மணி அடித்தது. கதவைத் திறக்க எழும்பினேன். குவில்ட்டும் என்னோடு எழும்பியது. அந்தப் பாரத்துக்கு இடுப்பு முடிச்சு அவிழத் தொடங்கியது. சட்டென்று திரும்ப இருந்துவிட்டேன். குனிந்து பார்த்தால், மேல்துணி, பஞ்சு, அடித்துணி, என் சாரம் என்று நாலு அடுக்கையும் ஒன்றாகத் தைத்திருந்தேன்.

மனைவி போய்க் கதவைத் திறந்தாள். மச்சானும் மச்சாளும்.

வழமையில் அவர்கள் வந்தால் நான் வாசலுக்குப் போய் ஜக்கெட்டை வாங்கி மாட்டுகிறவன். அன்று அசையவில்லை. மனைவி தேநீரும் ரோல்ஸும் மேசையில் வைத்துக் கூப்பிட்டாள். எனக்கு இங்கேயே தாரும் என்றேன். மச்சானின் முகம் மாறியது. அவர் மேசையில் இருந்தபடி என்னிடம் கேட்டதற்கெல்லாம் ஓம், இல்லை என்று பதில் சொன்னேன், ஏனென்றால் என் கவனமெல்லாம் குவில்ட்டுக்கு அடியில் ஒரு கையால் நூலை அறுப்பதில் இருந்தது. உறுதியான நூல் வாங்கச் சொல்லி ஆசிரியை சொன்னதை மட்டும் நான் ஒழுங்காகக் கேட்டிருந்தேன், அது அறுபடவில்லை. கத்தரிக்கோல் மச்சானின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்தது. அதைக் கேட்டிருக்கலாம். ஆனால் பிறந்தநாள் வீட்டுச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. கேட்கவில்லை.

அவர்கள் வெளிக்கிட்டபோதும் நான் எழும்பவில்லை.

"எழும்பேலாதோ?" என்று மச்சான் கேட்டார்.

"முழங்கால் சரியான நோ" என்றேன்.

அவர்கள் போன பிறகுதான் மனைவிக்கு விசயத்தைச் சொன்னேன். அவள் கத்தரிக்கோலோடு முன்னால் முழங்காலில் இருந்து, சிரித்துச் சிரித்து, கண்ணைத் துடைத்துத் துடைத்து வெட்டினாள். தையலை அறுக்கப் போய்ச் சாரத்திலும் ஓட்டை விழுந்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்து இருக்கிறேன், மச்சான் மீண்டும் வந்தார். கையில் ஒரு போத்தல் எண்ணெய், முழங்காலுக்கு மாட்டும் பட்டி ஒன்று. வேண்டாம் என்று நான் சொன்னதைக் கேட்காமல், நிலத்தில் இருந்து என் காற்சட்டையைச் சுருட்டிவிட்டு எண்ணெய் பூசித் தேய்க்கத் தொடங்கினார். என்னைவிட வயதில் மூத்தவர். மனைவி குசினிக்குள் போய் நின்றுகொண்டாள். அவள் ஏன் வெளியில் வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

தேய்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "அண்டைக்குப் பிறந்தநாள் வீட்டில நான் அப்பிடிச் சொன்னது பிழை. நேற்று நீர் முகம் குடுக்காமல் இருக்கேக்க விளங்கிச்சுது. ராத்திரி முழுக்க என்ர மனுசியும் அதைத்தான் சொல்லுறாள்."

அந்த நேரத்தில் நான் பேசாமல் மன்னித்திருக்கலாம். மன்னிக்கும் இடத்தில் இருப்பது நல்ல சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் மற்ற முழங்காலுக்கும் எண்ணெய் எடுத்தார். அதைத் தாங்க முடியவில்லை.

"மச்சான், எனக்கு முழங்கால் நோ ஒண்டுமில்லை. குவில்ட்டோட சேத்துச் சாரத்தையும் தைச்சுப்போட்டன். எழும்பினால் சாரம் அவிண்டுபோம்."

அவர் கை நிற்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்தார். பிறகு எண்ணெய்ப் போத்தலை மூடினார்.

"அந்தச் சாரத்தைக் காட்டும்."

கொண்டுவந்து கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். விரலால் அளந்தும் பார்த்தார். அவர் தோள் குலுங்கத் தொடங்கியபோது குசினிக்குள்ளிருந்தும் சத்தம் வந்தது. மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தோம். எழும்பும்போது அவர் சொன்னார், "ஆனால் தையல் நேராய்த்தான் போயிருக்கு."

அந்தக் குளிர்காலத்தில் என் தையலை ஒருவர் புகழ்ந்தது அதுதான். வட்ஸ்அப்பில் மற்றவர்களுக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்டேன். ஓம் என்றார். அவர் மில்லிக்கனுக்குப் போய்ச் சேர முன்னமே வன்கூவரில் இருக்கும் என் தங்கை தொலைபேசியில் கூப்பிட்டுச் சாரம் எப்படி இருக்கிறது என்று சுகம் விசாரித்தாள்.

பனி கரைந்து கொஞ்ச நாளில் குவில்ட் முடிந்தது. ஒரு மூலை மற்ற மூலையைவிட நீளம். சிவப்பு அடுப்புகளில் பாதி நடுவில் இல்லாமல் சுவரோரமாக ஒதுங்கியிருந்தன. ஆசிரியை அதை விரித்துப் பார்த்துவிட்டு, இப்படி ஒன்றைத் தான் இதுவரை கண்டதில்லை என்றார். நன்றி சொன்னேன்.

மச்சானும் வருவேன் என்று அடம்பிடித்தார். மூன்று பேருமாகக் காரில் ஒஷாவாவுக்குப் போனோம். மகள் வாசலிலேயே பையை வாங்கி, அறைக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் விரித்தாள். அது கட்டிலின் நடுவில், பெரிய மேசையில் வைத்த சின்ன விரிப்புப் போலக் கிடந்தது. நாங்கள் மூவரும் வாசலில் நின்று பார்த்தோம். மகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதற்குக் கீழே படுத்துப் பார்த்தாள். கழுத்துவரை இழுத்தாள், முழங்கால் வெளியே வந்தது. கீழே இழுத்தாள், நெஞ்சு வெளியே வந்தது.

"சின்னனாப் போச்சு" என்றேன்.

அவள் கழுத்துவரை இழுத்து வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். "இட்ஸ் ஓகே, அப்பா. விண்டர்ல நான் எப்பவும் சொக்ஸ் போட்டுத்தான் படுக்கிறனான்."