முதுகோடு பேசியவர்

என் கணவர் ஓட்டிய பஸ்ஸில் பத்தொன்பது வருஷம் கண்டக்டராக இருந்தவருக்குப் பயணிகள் வைத்த பெயர் ரேடியோ. அப்படி ஒரு வாய். படிக்கட்டில் தொங்குகிறவனைத் திட்டுவார். கைக்குழந்தையோடு நிற்பவளுக்கு இடம் வாங்கிக் கொடுப்பார். கல்யாணத்துக்குப் போகிற கூட்டம் ஏறினால் மாப்பிள்ளைக்கு என்ன வேலை, சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று அடுத்த நிறுத்தத்துக்குள் விசாரித்துவிடுவார். நடுவில் நடுவில் முன்பக்கம் பார்த்து, "டிரைவரே, கேட்டீங்களா கதையை!" என்று ஒரு சத்தம். இவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டுவார்.

அந்த மனுஷன் ஆறு மாதமாக வாயைத் திறக்கவில்லை என்று அவர் மனைவி வெளிநாட்டிலிருந்து போன் செய்தபோது, உண்மையைச் சொல்கிறேன், நான் சிரித்துவிட்டேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

ரேடியோவை நான் அண்ணன் என்று கூப்பிடுவதால் அவர் எனக்கு அண்ணி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இரண்டு பேரும் மகன் வீட்டோடு போய்விட்டார்கள். போய் ஒரு வருஷம் ஆகிறது.

"தொண்டையில ஒண்ணும் இல்லயாம்மா. எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. எது கேட்டாலும் தலையாட்டறார், அவ்வளவுதான். எனக்குப் பயமா இருக்கு. நீங்க ரெண்டு பேரும் ஒரு நடை வந்துட்டுப் போங்களேன். உங்க வீட்டுக்காரரைப் பாத்தாலாவது பேசுவார்."

இவர் மார்தட்டினார். "நான் போய் எதிர்ல உக்காந்தா பேசிடுவான்டி. பத்தொன்பது வருஷப் பழக்கம், சும்மாவா?"

எட்டு நாளில் திரும்புவதாக டிக்கெட் எடுத்தோம். அதற்குள் அவர் வாயைத் திறக்க வைக்க வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் இடத்தில் இருபது வருஷம் உட்கார்ந்தவள். முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கும் கொஞ்சம் திமிர் உண்டு.

விமான நிலையத்துக்கு அவர்கள் மகன் கார் கொண்டு வந்திருந்தான். அந்த ஊரில் வண்டிகளெல்லாம் எதிர்ப் பக்கமாக ஓடுகின்றன. இவர் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு திருப்பத்திலும் "ஐயோ, ஐயோ" என்று வலது காலால் தரையை மிதித்தார். "அங்கிள், பிரேக் என் பக்கம்தான் இருக்கு" என்றான் பையன். எனக்கு மானம் போயிற்று.

வீடு ஒன்பதாவது மாடியில். கதவைத் திறந்தவர் ரேடியோதான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்து மட்டும் இளைத்திருந்தது. இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியது. வாயிலிருந்து 'வாங்க' என்றுகூட வரவில்லை.

கூடத்தில் இரண்டு சோபா, நடுவில் கண்ணாடி மேஜை. இவர் ஒன்றில், ரேடியோ இன்னொன்றில்.

"சௌக்கியமாய்யா?"

ரேடியோ தலையாட்டினார்.

"குளிரெல்லாம் ஒத்துக்குதா?"

மறுபடியும் ஒரு தலையாட்டல். இவர் அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் மேலே பார்த்தார். பார்ப்பதற்கு ஒரு மின்விசிறிகூட அந்த வீட்டில் இல்லை.

இரண்டாம் நாளும் அதே கதை. மகனும் மருமகளும் எட்டு மணிக்கெல்லாம் வேலைக்குப் போய்விட்டார்கள். இவர் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார். கீழே போகிற பஸ்களை எண்ணினார். "இருபத்தி மூணு" என்று யாருக்கோ சொன்னார். டி.வி.யைப் போட்டார், நிறுத்தினார், மறுபடியும் போட்டார். ரேடியோ சோபாவில் கையைக் கட்டிக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. யாருக்காவது ஜுரம் என்றால் கஷாயம் வைக்கலாம். இதற்கு என்ன வைப்பது?

இதற்கு நடுவில் அண்ணி எனக்குப் புது ஆளாகத் தெரிந்தார். ஊரில் அவர் குரலை நான் கேட்டதே குறைவு. ரேடியோ இருக்கிற வீட்டில் இன்னொருவருக்குப் பேச எங்கே இடம்? இங்கே வாரத்தில் மூன்று நாள் காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு அந்த ஊர் மொழி படிக்க வகுப்புக்குப் போகிறார். லிஃப்டில் வருகிற பெண்களோடு உடைந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்துப் பேசுகிறார். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. புருஷன் வாயடைத்துக் கிடக்கிறான், இவளுக்குச் சிரிப்பு என்ன வேண்டிக் கிடக்கிறது என்று மனசுக்குள் பொருமினேன். என் வாய்க்கு நல்ல புத்தி இருந்ததால் வெளியே வரவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஊரைக் காட்டுகிறேன் என்று மகன் ஓர் உயரமான கோபுரத்துக்குக் கூட்டிப் போனான். நாங்கள் நாலு பேரும் உச்சியில் நின்று கண்ணாடி வழியாகக் கூரைகளைப் பார்த்துவிட்டு இறங்கினோம். வீட்டுக்கு வந்ததும் இவர் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சட்டையைக் கழற்றி வீசினார்.

"எனக்கு மூச்சு முட்டுது. டிக்கெட்டை மாத்தச் சொல்லு, நாளைக்கே கிளம்பிடலாம்."

"எதிர்ல உக்காந்தா பேசிடுவான்னு மார்தட்டினது யாரு?"

"அவன் மூஞ்சியைப் பாத்து நான் என்னத்தைடி பேசறது? அவன் மூஞ்சியை நான் எப்போ பாத்தேன்?"

எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. வாஸ்தவம்தானே. வண்டியில் இவர் முன்னால், அவர் பின்னால். கடைசி நிறுத்தத்தில் டீ குடிக்கும்போதும் இரண்டு பேரும் பஸ்ஸில் சாய்ந்துகொண்டு ரோட்டைப் பார்த்துத்தான் நிற்பார்கள். டூட்டி முடிந்தால் இவர் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். பத்தொன்பது வருஷம் அந்த மனுஷன் சொன்ன கதையெல்லாம் என் புருஷனின் முதுகுக்குச் சொன்னது. நாங்கள் என்னவென்றால் கடல் தாண்டி வந்து முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறோம்!

மறுநாள் காலையில் பஸ்ஸில் போகலாம் என்றேன். அண்ணி தயங்கினார். "பஸ்னாலே அவர் வரமாட்டார்மா. காருன்னா வருவார்."

"நான் இந்த ஊர் பஸ்ஸைப் பாக்கத்தான் வந்தேன். வரமாட்டேன்னா நான் இன்னிக்குச் சாப்பிட மாட்டேன். அண்ணே, செருப்பைப் போடுங்க."

என் வாய்க்குப் பயந்து ரேடியோ செருப்பைப் போட்டார்.

அந்த பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. ஏறும் இடத்தில் ஒரு பெட்டி, அதில் அட்டையைக் காட்ட வேண்டும். நிறுத்தத்தின் பெயரை ஏதோ ஒரு பெண் குரல் பதிவு செய்து வைத்ததுபோல் சொல்கிறது. இவரை டிரைவருக்குப் பின்னாலிருந்த சீட்டில் தள்ளினேன். ரேடியோவை அதற்கு அடுத்த சீட்டில் உட்கார வைத்தேன். நானும் அண்ணியும் அந்தப் பக்கம் உட்கார்ந்து ஏதோ துணிக்கடையைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினோம்.

இவருக்கு டிரைவரின் காலைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. "பிரேக்கை எப்படி மிதிக்கறான் பாரு, முட்டையை உடைக்கற மாதிரி" என்று முனகினார்.

"புதுசு போல. கியர் மாத்தறப்பகூட உலுக்கறான்."

பின்னாலிருந்துதான் வந்தது அந்தக் குரல். கரகரவென்று, தூசி தட்டாத குரல். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தார், நகம் பதிந்தது. இவர் தோள் அசைந்தது. திரும்பினால் போயிற்று! நான் கண்ணை உருட்டி வேண்டாம் என்று காட்டினேன். ஓட்டுகிற ஆள் அல்லவா, புரிந்துகொண்டார். ரோட்டையே பார்த்தபடி, "பெட்டியை வச்சுட்டா கண்டக்டர் ஆயிடுமாய்யா? தூங்கறவனை அது எழுப்பி இறக்கி விடுமா?" என்றார்.

மடை திறந்த மாதிரி ஆகிவிட்டது. பழைய ரூட், செக்கிங் இன்ஸ்பெக்டர், மழையில் நின்றுபோன வண்டி என்று எல்லாம் வந்தது. நானும் அண்ணியும் மூச்சுவிடக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தோம். நாலைந்து நிறுத்தம் போன பிறகு ரேடியோவின் குரல் இறங்கியது.

"வந்து ஆறு மாசம் இருக்கும், ஒருநாள், டிரைவரே. ஒரு பொண்ணு குழந்தையை வண்டியில வச்சுத் தள்ளிட்டுப் போகுது. குழந்தையோட ஷூ ஒண்ணு விழுந்துடுச்சு. நான் எடுத்துக்கிட்டு, 'அம்மா, நில்லும்மா'ன்னு சத்தம் போட்டுப் பின்னாலேயே ஓடினேன். என் சத்தம்தான் உங்களுக்குத் தெரியுமே. அது பயந்து ஓடுது. நானும் ஓடறேன். யூனிஃபார்ம் போட்ட ரெண்டு பேர் வந்து பிடிச்சுட்டாங்க. பையன் ஆபீசை விட்டு ஓடி வந்தான். வரும்போது கார்ல, 'இனிமே வெளியில வாயே திறக்காதீங்கப்பா, உங்க கால்ல விழறேன்'னு அழுதான். அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னான். வெளியில மூடினது, வீட்டுக்குள்ள வந்தும் திறக்கல."

இவர் காது சிவந்தது. 

"என்னையும் கூட்டிட்டுப் போயிடுங்க டிரைவரே. அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவ இங்க சந்தோஷமா இருக்கா."

அண்ணி எழுந்தார். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரேடியோவின் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவரைப் பார்த்ததும், நாங்கள் பக்கத்தில் இருப்பதையே மறந்திருந்த ரேடியோவின் முகம் வெளுத்துவிட்டது.

"ஒரு ஷூவை எடுத்துக் குடுத்ததுக்கா? வரட்டும் இன்னிக்கு அவன் வீட்டுக்கு."

"அவனைத் திட்டாதே. அவன் பயந்துட்டான்."

அண்ணி கம்பியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "நீங்க போங்க. இவங்களோடயே போங்க. நான் வரல" என்றார்.

"கோவமா?"

"கோவமில்லைங்க. முப்பத்தொரு வருஷம் நீங்க பேசினீங்க, நான் கேட்டேன். வீட்டுக்கு வர்ற என் கூடப்பொறந்தவங்ககூட உங்ககிட்டதான் பேசுவாங்க. எனக்கு வாய் இருக்குன்னு நீங்க மூடினப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. உங்களைப் பாத்துப் பாத்து அழுதேன். காலையில வகுப்புக்குக் கிளம்பறப்ப மனசு பறக்கும். என்ன பொம்பளை நான்னு என்னையே திட்டிக்குவேன். ஆனா போகாம இருக்க முடியல."

மூன்று நாளாக அவரை மனசுக்குள் வைதவள் நான். வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எத்தனை நாளைக்கு?" என்றார் ரேடியோ.

"உங்க வாய் ஓயற வரைக்கும்."

"ஓயலைன்னா?"

"அப்ப நானே வர்றேன். ஆனா கேக்கறதுக்கு வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

ரேடியோ ஜன்னல் பக்கம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார். அண்ணி உட்கார்ந்தார். இவர் இன்னும் திரும்பவில்லை, கர்சீப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த வகுப்புல என்னதான் பண்றே?" என்று கேட்டார் ரேடியோ. "இத்தனை நாளா நான் கேக்கவே இல்லையே."

அண்ணி சொல்ல ஆரம்பித்தார். பஸ் ஊரின் மறுகோடி போய்ச் சேர்கிற வரைக்கும் சொன்னார். ரேடியோ குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.