சிவப்புக் கோட்டுக்காரி

போன வாரம் செம்பூர் பேங்கில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. கவுன்ட்டரில் இருந்த பையன் முதலில் திரையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "ஆன்ட்டி, சலான்ல ஏதாவது தப்பா எழுதினீங்களா?" நான் வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஏ.சி. குளிரோடு சூடான ஒயர் வாசனை வந்தது. எனக்குப் பழகிய வாசனைதான்.

அறுபதுகளில், எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு, ஒரு கம்பெனியில் கணக்கு எண்களை அட்டையில் துளைகளாகப் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் என்றால் அப்போது அறை நிறைய பீரோக்கள். நாங்கள் நான்கு பெண்கள் துளை போட்ட அட்டைகளைத்தான் அது தின்னும். அட்டைக் கட்டு கைதவறிச் சிதறினால் வரிசை தெரிய வேண்டுமே என்று விளிம்பின்மேல் சாய்வாக ஒரு பென்சில் கோடு இழுத்துவிடுவோம். ஆளுக்கொரு நிறம். எனக்கு நீலம், செல்விக்குச் சிவப்பு. யாரோ என் பெயரைக் கேட்டதற்கு வாய் வராமல் நான் நீலப் பென்சிலைக் காட்டினேனாம். செல்வி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

செல்விக்குத் தாராவி. பட்டறையில் கை நசுங்கி அவள் அப்பா வீட்டோடு இருந்தார். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. வேலையோ இன்னும் நிரந்தரமாகவில்லை.

மெஷின் பாதியில் நின்றால் ஒரு விளக்கு எரியும். அவ்வளவுதான். அட்டையில் பிழை என்றாலும் அதே விளக்கு; எண்களை ஞாபகம் வைத்துக்கொள்ளும் மெமரியில் பழுது என்றாலும் அதே விளக்கு. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷினை யார் சந்தேகப்படுவார்கள்? அப்போது உள்ளே போன கட்டின் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். செல்வியின் சரக்குக் கணக்குதான் எல்லாவற்றிலும் பெரியது. மெமரியைக் கடைசிவரை அடைத்துக்கொள்ளும். அதனால் நின்றபோதெல்லாம் சிவப்பு.

"ஃபிர் லால்?" மறுபடியும் சிவப்பா என்பார் செக்‌ஷன் தலைவர்.

"ஒண்ணும் தப்பில்ல சார். வேணும்னா நீங்களே பாருங்க" என்பாள் செல்வி.

அவர் பார்க்க மாட்டார். கடைசியில், இன்னொரு முறை நின்றால் வேலைக்கு வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்.

புரோகிராம் எழுதும் மணி சாருக்கும் அலுத்துவிட்டிருந்தது. நின்றால் முதலிலிருந்து ஓட்ட வேண்டுமே. "எங்க வலிக்கறதுன்னு சொல்லாம விழுந்தா நான் என்ன வைத்தியம் பண்றது?" என்று புலம்புவார். எல்லா வேலைகளையும் மேய்க்கிற புரோகிராம் ஒன்று மெஷினுக்குள்ளேயே இருக்கும். பல நாள் உட்கார்ந்து அதைத் திருத்தினார். மெமரி பழுதானால், நிற்கும் முன் எந்த இடத்தில் பழுது என்று மெஷினோடு இணைத்திருந்த டைப்ரைட்டரில் தானே அடித்துவிட்டு நிற்க வேண்டும்.

அடுத்த முறையும் சிவப்புக் கட்டில்தான் நின்றது. எல்லோரும் செல்வியைப் பார்த்தோம். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். அப்போது டைப்ரைட்டர் படபடத்தது.

மணி சார் குனிந்து படித்தார். "மெமரிதான். கடைசிக் கோடில ஒரு இடம், நம்பரோட வந்திருக்கு. அட்டைல ஒண்ணுமில்லே."

மறுபடி ஓட்டினார். அதே நம்பர். எஞ்சினியர் வந்து அந்தப் பாகத்தை மாற்றினார். செக்‌ஷன் தலைவர் "அச்சா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

செல்விக்கு வேலை நிரந்தரமாயிற்று. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அன்று வீடு திரும்பும்போது ரயிலில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இத்தன நாளா நான் தொண்டத்தண்ணி வத்தச் சொன்னேம்லா, ஒருத்தராவது கேட்டாவளா? அது ரெண்டு வரி அடிச்சதும் நம்பிட்டாவ, பாத்தியாட்டி."



அடுத்த மழைக்கு முன்பே வடாலாவில் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். சில வருடங்களில் அந்த மெஷின் பழைய இரும்புக்குப் போயிற்று. மணி சார் பாலக்காட்டுக்குப் போனார். கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். இதில் எதற்கும் நான் பெரிதாக வருந்தவில்லை. வருந்தியது ஒன்றுக்குத்தான்: செல்வி போன மறுநாளே, 'தப்பு என்மேல இல்ல சார்' என்று எழுந்து நின்று சொல்ல அங்கே நான் உட்பட ஒருவரும் இல்லை.