எண்பதில் நிறுத்த வேண்டிய கார்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிளக் குத்தி ஓட்டும் கார் வாங்கிய முதல் ஆள் நான்தான். முதல் ஆளுக்கு என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊரே வந்து பார்க்கும், ஊரே வைத்தியமும் சொல்லும். பாதி கரண்ட், பாதி பெட்ரோல் என்று விளக்கினால், "அப்ப ரெண்டுல ஒண்ணுமே முழுசா இல்லீங்களா?" என்று கேட்டார் எங்கள் கங்காணி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவர் கேட்டதில் நியாயம் இருந்ததென்று புரிய ஆறு மாதம் பிடித்தது.

நான் டீமேக்கர். யட்டியாந்தோட்டைக்கு மேலே, இறப்பர் மரங்கள் முடிந்து தேயிலை தொடங்கும் உயரத்தில், தோட்டத்தார் 'ஸ்டோர்' என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையை ஓட்டுவது என் வேலை. கொழுந்து அரைக்கும் ரோலரும் காயவைக்கும் டிரையரும் என் செருப்புச் சத்தத்துக்கே ஒழுங்காக ஓடும் என்ற நினைப்பு எனக்கு உண்டு. அந்தத் திமிரில்தான் இந்தக் காரையும் வாங்கினேன். ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த கார். திரையில் வரும் எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. எண்கள் மட்டும்தான் நமக்குப் புரியும். ஸ்டார்ட் பண்ணினால் ஒரு பெண் குரல் நீளமாக ஏதோ சொல்லும். என் மனைவி ஒவ்வொரு தடவையும் "சரிம்மா, சரி" என்று பதில் சொல்வாள்.

கார் வந்த பிறகு வீட்டில் புதுச் சட்டங்கள் பிறந்தன. குசினி ஜன்னல் வழியாக வயரை இழுத்துத்தான் சார்ஜ் போட வேண்டும். காருக்கும் ரைஸ் குக்கருக்கும் ஒரே நேரத்தில் கரண்ட் கொடுத்தால் டிரிப் சுவிட்ச் விழுந்து வீடே இருட்டாகிவிடும். "சோறு வெந்ததுக்கு அப்புறந்தான் காரு" என்றாள் மனைவி. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

பெட்ரோல் கதை இன்னொன்று. நான்கு மாதம் பெட்ரோலே அடிக்காமல் ஓட்டுகிறேன் என்று கடைவீதி முழுக்கப் பெருமை பேசினேன். ஒருநாள் கார் திடீரென்று தானாகவே எஞ்சினைப் போட்டுக்கொண்டு, இருமிக்கொண்டு ஓடியது. பயந்துபோய் பஸாரில் உள்ள கராஜுக்குக் கொண்டுபோனேன். கராஜ்காரர் சிங்களவர். எல்லோருக்கும் அவர் 'பாஸ்'தான். தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார், என்னை 'மாத்தயா', அதாவது ஐயா, என்பார்.

"மாத்தயா, பெட்ரோல் கெழவனா போச்சு. குடிக்காம வெச்சா கெட்டுப் போகுந்தானே?" என்றார்.

அன்றிலிருந்து மாதம் ஒரு நாள் காருக்குப் பெட்ரோல் நாள். இன்னொரு தடவை பின் சீட்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன ஜாலியை அவர் கழற்றினார். பேட்டரிக்குக் காற்று போகும் வழி அது. எங்கள் வீட்டுப் பூனையின் முடி உள்ளே கட்டியாக அடைத்திருந்தது. "இன்னொரு பூனையே செய்யலாம்" என்றார் பாஸ்.

ஆனால் நான் மறக்கவே முடியாத பாடம் இறக்கத்தில் கிடைத்தது. இந்தக் கார் இறக்கத்தில் இறங்கும்போது சக்கரம் சுற்றுகிற வேகத்தில் கரண்ட் பிறந்து பேட்டரிக்குள் போகும். எங்கள் வீடோ மலை உச்சியில். ஒருநாள் நூறு வரை சார்ஜ் போட்டுவிட்டு இறங்கினேன். பேட்டரியில் இடமில்லை. வருகிற கரண்டை எங்கே கொட்டுவதென்று தெரியாமல், கார் எஞ்சினை வெறுமனே சுற்றவைத்து ஊரைக் கூட்டும் சத்தம் போட்டது. நான் நடுரோட்டில் காரை நிறுத்திவிட்டு இறங்கியே விட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் பாஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். "மாத்தயா வூடு மலை மேல. புல் கரன்ன எபா! நெரப்பவே வேணாம். எம்பதுல நிப்பாட்டுங்க. மிச்சத்த மலை தரும்."

எனக்குப் புரிந்தது. ஸ்டோரில் கொழுந்து வாட்டும் தொட்டியை அளவுக்கு மேல் நிரப்பினால் அடியில் உள்ளது சிவந்துபோகும். அதை இருபது வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லித் திட்டுகிறவன் நான். அன்றிலிருந்து எண்பதைத் தாண்டவிட்டதில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

ஸ்டோருக்குக் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஓர் அக்கா இருக்கிறார். கொழுந்து எடுப்பவர். கணவர் இல்லை, ஒரே மகள். போன வருடம் அந்தப் பெண்ணுக்குப் பரிசம் போட வந்தவர்களின் வேன், மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்குப் பக்கத்து வளைவில் ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. வந்த பெரியவர்கள் சகுனம் சரியில்லை என்று அங்கிருந்தே திரும்பிப் போனார்கள். வீட்டு வாசலில் ஆலாத்தித் தட்டோடு நின்ற அக்காவுக்கு ஆள் அனுப்பித்தான் சேதி சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? 'வண்டி நின்ன வீடு' என்று அந்த வீட்டுக்குப் பெயரே வந்துவிட்டது.

இந்த வருடம் கொடகவெலயில் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் நல்ல இடம் அமைந்தது. கல்யாணம் யட்டியாந்தோட்டைக் கோயிலில். அக்கா நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, ஒங்க காருதான் சத்தமே போடாதுல்ல? நம்ம புள்ளைய அதுலதான் கூட்டிட்டுப் போகணும்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காரைக் கழுவினேன், பூனை முடியை எடுத்தேன், பெட்ரோலும் அடித்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள் பொழுது சாய்கிற நேரத்தில் அக்கா குசினி ஜன்னலில் தொங்கும் வயரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ரொம்பிருச்சுங்களா ஐயா?"

"எண்பது இருக்கு அக்கா. அது போதும்."

அக்காவின் முகம் வாடிவிட்டது. அவர் வீட்டில் அன்றைக்கு நிறைகுடம், நிறைநாழி, தண்ணீர் வாளி, உப்பு ஜாடி எல்லாமே விளிம்பு வரை நிறைந்திருந்தன. "நாளைக்கு ஒண்ணுமே கொறையக் கூடாதுங்க ஐயா" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பேட்டரி விஞ்ஞானம் பேச எனக்கு வாய் வரவில்லை. போன வருடம் அவர் தட்டோடு நின்றதை நான் பார்த்தவன். சரி என்று தலையாட்டி நூறு வரை விட்டேன். நிறைகுடம் தளும்பாது என்று எனக்கே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். புத்தி கெட்டவன்.

காலையில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கார் சத்தமில்லாமல் நகர்ந்து பழம் நசுங்கிய பிறகும், கிளம்பியது தெரியாமல் ஜனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் என் மனைவி. பின்னால் பெண், ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் பெண்ணை அழைத்துப்போக வந்திருந்த மாப்பிள்ளையின் மூத்த அக்காள். அந்தம்மாள் அதிகம் பேசாதவர். வந்ததிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

இரண்டு வளைவு தாண்டவில்லை, எஞ்சின் கத்தத் தொடங்கியது. அதுவும் சரியாகப் பீலி வளைவில். எதிரே வந்த ஆட்டோக்காரன் ஒதுங்கி நின்று பார்த்தான். கண்ணாடியில் பார்த்தேன். அக்காவின் முகத்தில் இரத்தமே இல்லை. மகளின் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் நெளிந்திருந்தது. இந்த வளைவில் இன்னொரு கல்யாணம் நின்றால் நான் இந்தத் தோட்டத்தில் முகம் காட்ட முடியாது. அதைவிட, அந்தப் பெண் இன்னொரு தடவை எழ மாட்டாள்.

"என்ன அண்ணே, காரு இப்படிக் கத்துது?" என்றார் மாப்பிள்ளையின் அக்காள்.

ஏதாவது பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். என் மனைவி முந்திக்கொண்டாள். "மறைக்காம சொல்லுங்க" என்றாள்.

"இதுல கோளாறு ஒண்ணும் இல்லம்மா. எண்பதுல நிப்பாட்ட வேண்டியத நாந்தான் நூறு வரைக்கும் ஏத்திட்டேன். கரண்ட் கூடிப் போச்சு. இறக்கத்துல இன்னும் சேருது. வைக்க எடம் இல்லாம கத்துது. தப்பு எம்மேலதான்."

மாப்பிள்ளையின் அக்காள் முன் சீட்டுப் பக்கம் குனிந்தார். எஞ்சின் கத்திக்கொண்டேயிருந்தது.

"கொறைஞ்சு போகலியே?"

"இல்லம்மா. கூடித்தான் போச்சு."

"அப்பக் கத்தட்டும் அண்ணே. எங்க வீட்டுக்கு வர்ற புள்ள நெறஞ்சு வர்றான்னு ஊருக்குத் தெரியட்டும்."

என் கண் நிறைந்துவிட்டது. ரோடு தெரிய வேண்டுமே என்று துடைத்துக்கொண்டேன். இருக்கிற கரண்டைச் செலவழிக்க வேண்டும். ஏசியை முழுதாகத் திருப்பினேன், முன் லைட்டைப் போட்டேன், பின் கண்ணாடிச் சூட்டையும் போட்டேன். நடக்கிற வேகத்தில் இறக்கினேன். இறப்பர் டிவிஷனுக்கு முன்னால் வரும் சின்ன ஏற்றத்தில் கார் தன் கரண்டைத் தின்று ஏறியது. உச்சியை அடையும்போது சத்தம் நின்றது. பிறகு மறுபடி வரவில்லை.

இப்போது காருக்குள் ஐஸ்பெட்டிக் குளிர். கல்யாணப் பெண்ணுக்குப் பல் தந்தியடித்தது. மாப்பிள்ளையின் அக்காள் தன் பட்டுச்சேலை முந்தானையை அவிழ்த்து, பெண்ணின் தோளைச் சுற்றிப் போர்த்தி, தன் பக்கமாக இழுத்து அணைத்துக்கொண்டார். பெண் அவர் தோளில் தலையைச் சாய்த்தாள். வீட்டிலிருந்து அழுதுகொண்டே வந்தவள் அப்போதுதான் அழுகையை நிறுத்தினாள்.

சத்தம்தான் நின்றுவிட்டதே, இனிக் குளிர் எதற்கு என்று நான் ஏசியை நிறுத்தக் கை நீட்டினேன்.

மகளையே பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் குரல் பின் சீட்டிலிருந்து மெல்ல வந்தது.

"நிப்பாட்டாதீங்க ஐயா. கோயில் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."