கவிழ்த்துப் பிடித்த கிண்ணம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளை எண்ணிக்கை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பதினேழு வருடமாக நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் புற்றுநோய்ச் செல்களை எண்ணுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? நான் அங்கே ஸ்டோர் பொறுப்பாளர். பஞ்சுக்குச்சி வேண்டுமென்றாலும் என்னிடம் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கவேண்டும், பேராசிரியராகவே இருந்தாலும்.

கட்டியில் இருக்கும் செல் தானாகக் கிளம்பி நுரையீரலுக்கோ எலும்புக்கோ போய்விடாது. ஒரு சமிக்ஞைப் புரதம் அதற்கு உத்தரவு கொடுக்கிறது: பக்கத்துச் செல்லின் பிடியை விடு, சுவரைக் கரை, கிளம்பு. அந்த உத்தரவை மருந்தால் தடுக்க முடியுமா என்பதுதான் எங்கள் பேராசிரியரின் ஆராய்ச்சி. அதைச் சோதிக்க விரல்நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். அடியில் துளைகள் கொண்ட மெல்லிய சவ்வு, அதன்மேல் பசைப்படலம். உள்ளே செல்களை விடவேண்டும். மறுநாள், துளைத்துப் போகாமல் உள்ளேயே தங்கியவற்றைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துவிட்டு, வெளியே அடிப்பக்கம் வந்து ஒட்டியவற்றை எண்ணவேண்டும். உள்ளே துடை, வெளியே எண்ணு, அவ்வளவுதான்.

பேராசிரியர் அந்தக் குச்சியைத் தொட்டு இருபது வருடம் இருக்கும். பாவம், மைக் பிடிக்கவே அவருக்கு நேரம் போதாது. ஒருநாள் பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வந்தார்கள். மருந்து போட்ட கிண்ணத்தைத் தானே துடைப்பதாக வாங்கிக்கொண்டார். அக்கா அந்தப் பக்கம் திரும்பி மற்றக் கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "சார், குச்சி உள்ள போயிட்டா படத்துல தெரியல" என்றார் படக்காரர். அதற்கென்ன, மனிதர் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்தார், சிரித்தார், அடிப்பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டார்.

மருந்து போடாத கிண்ணத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு செல்கள். மருந்து போட்டதில் பூஜ்யம்.

"இன்னொரு தடவை பண்ணிப் பாத்துடலாம் சார்" என்றாள் அக்கா.

"நீங்க பூஜ்யத்தக்கூட ரெண்டு தடவை எண்ணுவீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தில் பெரிய படம், 'புற்றுநோய்ப் பரவலுக்கு முற்றுப்புள்ளி'. அதைச் சட்டம் போட்டு அவர் அறையில் மாட்டினோம். ஆணி ஸ்டோரிலிருந்துதான் போனது.

அன்றே அக்காவின் தங்கை போன் செய்தாள். அவளுக்கு மார்பகப் புற்றுநோய், வியாழக்கிழமை வியாழக்கிழமை ஊசி. "அக்கா, இந்த வாரம் நான் போகல. முடிதான் போச்சுன்னா நாக்குல ருசியும் போச்சு. உங்க சார் மருந்து வரட்டும், அதுதான் பூஜ்யம்னு போட்டிருக்கே." அக்கா எவ்வளவோ கெஞ்சியும் அவள் கேட்கவில்லை.

அக்கா திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் எல்லாவற்றையும் தன் கையாலேயே மறுபடி செய்தாள். மருந்து இல்லாமல் இருநூற்று ஒன்பது, மருந்தோடு நூற்றுத் தொண்ணூற்றாறு. புதன்கிழமை நான் ஒரு கையெழுத்துக்காகப் பேராசிரியர் அறையில் நின்றிருந்தபோது அவள் உள்ளே வந்து, சுவரிலிருந்த படத்தைக் காட்டினாள்.

"சார், இதுல எந்தப் பக்கம் துடைக்கிறீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்துப் போட்டுக்கொண்டார், கிட்டே போய்ப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"அடுத்த கட்டுரையில திருத்திக்கலாம்மா. ஆறு மாசத்துல வரும்."

"என் தங்கச்சிக்கு ஊசி நாளைக்கு சார்" என்றவள், அவளுக்கு போன் போட்டு அவர் கையில் திணித்தாள்.

ஆயிரம் பேர் முன்னால் மணிக்கணக்கில் பேசுகிறவருக்கு ஒரு நோயாளியிடம் இரண்டு வரிதான் வந்தது. "அம்மா... நாளைக்கு ஊசிக்கு போயிடுங்க. அந்த மருந்து இன்னும் தயாராகல."

"அப்ப பேப்பர்ல வந்தது?"

"தப்பான பக்கம் துடைச்சிட்டேன்மா."

போனுக்குள்ளிருந்து அறை முழுக்கக் கேட்கிற மாதிரி தங்கை கேட்டாள்: "எனக்கு அக்கா இருக்கா, சொல்லிட்டீங்க. என்னை மாதிரி அந்த பேப்பர பாத்துட்டு ஊசிய விட்டவங்களுக்கு யார் சார் போன் பண்ணுவா?"

அவர் போனைத் திருப்பி நீட்டினார். அக்கா நகராமல் நின்றாள். கடைசியில் பத்திரிகைக்கு அவரே போன் செய்தார்.

மறுநாளே திருத்தம் வந்தது. கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்க, தங்கைதான் அதைத் தேடிப் பிடித்து அக்காவிடம் காட்டினாளாம். பதினோராம் பக்கம், இரண்டு வரி, படம் இல்லை.