போர்வையை விலக்கிய குற்றம்

இதய வார்டில் ஒரு நர்ஸ், நோயாளியின் தொடைமேல் ஏறி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். சலூனில் கேட்டபோது அரை மணி. மருந்துக் கடைக்கு வருவதற்குள் ஒரு மணியாகிவிட்டது. காய்கறிக் கடையில் விசாரித்திருந்தால் அவர் இன்னும் இறங்கியே இருக்க மாட்டார். நேராக ஆஸ்பத்திரிக்கே போய்விட்டேன்.

வார்டில் அவருக்குப் பெயர் ஸ்டூல் அக்கா. வயது ஐம்பத்திரண்டு, எடை நாற்பத்து மூன்று கிலோ. கட்டில்கள் உயரம், அக்கா உயரமில்லை. அதனால் ஒரு குட்டை ஸ்டூலைக் காலாலேயே தள்ளிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவார்.

“ஏறி உக்காந்தீங்களாமே?”

“நான் உக்காந்தா கொசு உக்காந்த மாதிரிதான் இருக்கும். நின்னேங்க, ஸ்டூல் மேல.”

நோயாளி, கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எழுபத்தாறு வயது, எல்லாருக்கும் வாத்தியார். நெஞ்சைத் திறக்காமல், தொடை இடுக்கிலுள்ள ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வை அனுப்பி இதயத்தில் பொருத்தியிருந்தார்கள். போன வழியை அடைக்க ஒரு சின்னக் கருவி உண்டு. ரத்தக்குழாயிலேயே நூல் கோத்து முடிச்சு போட்டுவிடும். முடிச்சு பெரும்பாலும் சொன்ன பேச்சு கேட்கும். அக்காவுக்கு ‘பெரும்பாலும்’ போதாது. கால் மணிக்கு ஒருதரம் போர்வையை விலக்குவார், இடுக்கைத் தொட்டுப் பார்ப்பார், பாதத்தில் நாடி பிடிப்பார்.

வாத்தியார் போர்வையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் மாப்பிள்ளை வேறு.

“பாதத்த பாத்துக்கம்மா. அதுக்கு மேல நோ என்ட்ரி.”

“வலிக்குதா ஐயா?”

“அங்கெல்லாம் ஒண்ணுமில்ல. முதுகுதான் லேசா.”

உள்ளே ரத்தம் கசிந்தால் முதுகிலும் வலி எடுக்கும். முதுகு என்றதும் அக்கா மானிட்டரைப் பார்த்தார். துடிப்பு ஏறியிருந்தது, ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. போர்வையைப் பிடுங்கினார். தொடை இடுக்கில் கைப்பிடி அளவு வீக்கம். முடிச்சு நழுவி, வெளியே ஒரு சொட்டுகூட வராமல் உள்ளுக்குள்ளேயே ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. பத்து நிமிடமாக வீங்குவது வாத்தியாருக்குத் தெரியும். சொல்ல வெட்கம்.

அக்கா ஸ்டூலில் ஏறினார். முழங்கை மடங்காமல், இரண்டு உள்ளங்கையாலும், இருக்கிற நாற்பத்து மூன்று கிலோவையும் அந்த ஒரே இடத்தில் இறக்கினார். இன்னொரு நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினார். மாப்பிள்ளை எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

“விடும்மா! மாப்பிள்ளை இருக்காரு!”

“அவரு இருக்கட்டும், நீங்களும் இருக்கணுமில்ல?”

ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருபத்தைந்து நிமிடம். அதுவரை கையை எடுக்கவில்லை. பிறகு சர்ஜன் தைத்தார். உயிரும் மிஞ்சியது, காலும் மிஞ்சியது. கூடவே வாத்தியாரிடமிருந்து ஒரு புகாரும் வந்தது. அனுமதியின்றிப் போர்வையை விலக்கி, மேலேறி, குடும்பத்தார் முன்னிலையில் அவமானப்படுத்தினாராம். அந்த மாதம் அக்காவுக்கு வார்டுப் பொறுப்பாளர் வேலை வரவேண்டியது. ‘விசாரணையில்’ என்று எழுதி ஃபைலை மூடிவிட்டார்கள்.

பரிசோதனைக்கு வாத்தியார் நடந்தே வந்தார், மகளோடு. கண்ணில் ஈரம்.

“உன்னாலதாம்மா நடக்கறேன். புகார வாபஸ் வாங்கிடறேன்.”

மகள் வாபஸ் படிவத்தை நீட்டினார். “நடந்தது என்னன்னு எழுதணுமாம்பா. தொடை இடுக்குல அமுக்குனாங்கன்னு எழுதுங்க.”

“ஆபீஸ்ல பொம்பளைங்க படிப்பாங்கடி.”

“புகார்ல என்ன எழுதுனீங்க ஐயா?” என்றார் அக்கா.

“தகாத இடம்னு.”

“இதுலயும் அதையே எழுதிடுங்க.”

“அப்படி எழுதினா உனக்குத்தாம்மா கேவலம்!”

படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் நிதானமாக யோசித்து எழுதுவாராம்.

ஆறு வாரமாகிறது. வார்டுப் பொறுப்பில் அக்காவைவிடப் பத்து வருடம் இளையவர் ஒருவர், தற்காலிகமாக. நேற்று அக்கா ஃபோன் செய்தபோது மகள்தான் எடுத்தார்.

“ரெண்டு வரி எழுதி அடிச்சிட்டாருக்கா. வேற வார்த்தை தேடிட்டிருக்காரு.”