எடுக்கும்வரை ஒலிக்கும் பாட்டு

என் மகளைப் போனில் கூப்பிட்டால் முதலில் ஒரு பாட்டு வரும். அவள் எடுத்ததும் அது அறுந்துவிடும். எடுக்காவிட்டால் அரை நிமிடம் ஓடி, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, கடைசியில் ஒரு பெண் குரல் இரண்டு மொழிகளில் வருத்தம் தெரிவிக்கும். இந்த மாசிக்கும் வைகாசிக்கும் நடுவில் அந்த அரை நிமிடத்தை நான் கேட்ட அளவுக்கு வேறு எந்தப் பாட்டையும் வாழ்நாளில் கேட்டதில்லை. என்னைத் தண்டிக்கத்தான் அவள் எடுக்காமல் இருக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். அதுவும் தப்பு. பேசப் பிடிக்கவில்லை, எடுக்கவில்லை. அவ்வளவுதான்.

நான் கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஒலி அலைகள் பற்றிய பாடம் வரும்போது மட்டும் பையன்கள் தூங்காமல் இருப்பார்கள். பாட்டுப் போட்டுக் காட்டுவேன். ஓய்வுக்குப் பிறகு அதுவே முழுநேர வேலையாகிவிட்டது. மாதத்தில் ஒரு ஞாயிறு, தீப்பெட்டி ஆபீஸ் (எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு அப்படித்தான் பேர்) நடத்தும் அண்ணாச்சி ஒருவருடைய குடோன் மாடியில் கூடுவோம். நான் ஒரு சினிமாப் பாட்டை ஓடவிடுவேன், நிறுத்துவேன், விளக்குவேன். இந்த இடத்தில் ஏன் தபலா நின்றது, வயலின்கள் ஏன் பாடகிக்கு அரை அடி முன்னால் போகின்றன, பாடகி மூச்சு விடுகிற சத்தத்தை ஏன் அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். சின்னக் கீபோர்டு ஒன்றை வைத்துக்கொண்டு, சந்தோஷமான ஒரு மெட்டில் காந்தார ஸ்வரத்தை மட்டும் ஒரு கட்டை இறக்கி வாசிப்பேன். சிரித்துக்கொண்டிருந்த மெட்டு முகம் வாடிவிடும். "பாத்தீங்களா, உங்கள அழ வச்சது பாட்டு இல்ல, இந்த ஒரு கட்டைதான்" என்பேன். கூட்டம் உச்சுக்கொட்டும். அந்தச் சத்தத்துக்காகவே நான் மாதம் முழுக்கக் காத்திருந்தேன் என்று இப்போது சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சி ஒரு தடவை குறுக்கே பேசினார்.

"சார், எங்க ஆபீஸ்ல காலைலேருந்து ரேடியோ பாடுது. குத்துப் பாட்டு வந்தா பொம்பளையாளுக எல்லாம் கத பேசுதாளுவ. சோகப் பாட்டு வந்தா வாய மூடிக்கிட்டு விறுவிறுன்னு பெட்டி அடைக்காளுவ. அப்ப எது சார் சுறுசுறுப்புப் பாட்டு?"

எல்லோரும் சிரித்தார்கள். "அது பாட்டோட குணமில்ல அண்ணாச்சி, கேக்குறவங்க நெலம" என்றேன்.

"அப்ப கேக்குதவுக நெலமய யாரு சொல்லுவா?"

நேரமாகிறது என்று அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன்.

என் ஒரே மகளை விளாத்திகுளத்தில், மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். நல்ல மனிதர்கள். தினமும் சாயங்காலம் கூப்பிடுவேன். போன கார்த்திகையில் அவள் போனில் வந்துகொண்டிருந்தது வேறு பாட்டு. நாகஸ்வரமும் தவிலும் போட்டி போடுகிற கல்யாண வீட்டுப் பாட்டு. மோகன ராகத்தில் துள்ளிக்கொண்டு போகும். அதைக் கேட்டதுமே எனக்குத் திருப்தியாகிவிடும். பெண் சந்தோஷமாக இருக்கிறாள். மேற்கொண்டு கேட்க என்ன இருக்கிறது?

இதை நான் ஒரு தத்துவமாகவே ஆக்கிவிட்டேன். "ஒருத்தரோட காலர் டியூனச் சொல்லுங்க, அவரு மனசச் சொல்லிருதேன்" என்று கூட்டத்தில் அறிவித்தேன். ஆளாளுக்குப் போனை நீட்டினார்கள். ஒருவர் எழுந்து, "நான் பாட்டே வைக்கலையே சார், டிரிங் டிரிங்குன்னுதான் வருது" என்றார். "அப்ப மனசே இல்லன்னு அர்த்தம், உக்காரும்" என்றார் அண்ணாச்சி.

மாசியில் மகளின் பாட்டு மாறியது. தாளம் கிடையாது. ஒரு புல்லாங்குழல் தனியாக வந்து நிற்கிறது. பிறகு தாழ்ந்த பெண் குரல் மெல்ல மேலே ஏறி, ஏறின இடத்தில் நிற்க முடியாமல் வழுக்கி இறங்குகிறது. சுபபந்துவராளி, அழுகைக்கென்றே உள்ள ராகம். பல்லவி முடிவதற்குள் அறுந்துவிடுகிறது. அவள் எடுத்து, "சொல்லுங்கப்பா" என்றாள். "நல்லாருக்கியா?" என்றேன். "நல்லாருக்கேம்ப்பா" என்றாள். அந்தக் குரலும் எதையோ மறைப்பதாக எனக்குப் பட்டது.

மனைவியிடம் போய், "அவ பாட்ட மாத்திட்டா. அங்கன என்னமோ சரியில்ல" என்றேன்.

"மாத்துனா என்ன? சேல மாத்துத மாதிரி மாத்திருப்பா."

"ஒனக்குத் தெரியாது. சுபபந்துவராளிய ஒருத்தி சும்மா எடுத்து வைக்க மாட்டா."

"அது என்ன வராளியோ. பிள்ளைட்ட கேளுங்க. பாட்டுட்ட போயி கேக்காதீங்க."

மறுநாள் காலையில் எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் போகிற பஸ்ஸில் ஏறினேன். வழி நெடுக என்ன பேச வேண்டும் என்று மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். வத்தல் சீசன். கடைக்குப் பின்னால் களம் முழுக்கச் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. கூலிப் பெண்கள் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். மருமகன் லாரிக்காரரோடு நின்றுகொண்டிருந்தார். சம்பந்தியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்கண்ணே, சொல்லாம கொள்ளாம வந்திருக்கிய" என்றார்கள். நான் உட்காரவில்லை.

"எம் பிள்ளைய நீங்க என்ன பாடு படுத்துதீங்க?" என்றேன்.

களத்தில் எல்லாக் கையும் நின்றுவிட்டது. மருமகன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என்ன ஆதாரம் என்று அவர் கேட்பதற்கு முன்பே, மகளின் நம்பரைப் போட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்து எல்லாருக்கும் கேட்கப் பிடித்தேன். புல்லாங்குழல் வந்தது. நெடியில் ஒரு பெண் தும்மினாள். இந்த ராகம் என்ன, இதில் தாளம் இல்லாததற்கு என்ன பொருள் என்று நான் அந்த வத்தல் குவியலுக்கு நடுவில் நின்று விளக்கினேன்.

சம்பந்தியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்கள். "ஐயய்ய, அண்ணே! அது நான் அமுக்குனதுல்லா! கடம்பூர்ல எங்க அக்காவுக்கு இவ போன்லருந்து பேசுனேன். அங்கன இந்தப் பாட்டு வந்துச்சு. இதே பாட்டு வேணும்னா ஸ்டார அமுக்குன்னு போனுக்குள்ள ஒரு பிள்ள சொல்லிச்சு. சாமி பாட்டு மாதிரி நல்லாருக்கேன்னு அமுக்கிட்டேன்."

களமே சிரித்தது. கூலிப் பெண்ணொருத்தி, "ஸ்டார அமுக்குனதுக்குப் பஞ்சாயத்தா!" என்றாள். மருமகனும் பெருந்தன்மையாகச் சிரித்து, "மாமா, மொதல்ல காப்பி சாப்பிடுங்க" என்றார். வாசற்படியில் நின்ற என் மகள் மட்டும் சிரிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுவரை கூட வந்தாள். வழியில், "இப்ப நான் நல்லாத்தாம்ப்பா இருக்கேன். கார்த்திகைலதான் நல்லால்ல" என்றாள்.

"கார்த்திகைலயா? அப்ப மேளப் பாட்டுல்லா வச்சிருந்த?"

இதை நான் கேட்டேன். அந்த நேரத்திலும் இதைத்தான் கேட்டேன்.

அவள் நின்றுவிட்டாள். "அப்பா. கார்த்திகைல எனக்குக் கலஞ்சு போச்சு. மூணு மாசக் கரு. தூத்துக்குடி ஆஸ்பத்திரில இருந்தேன். அம்மாவுக்குத் தெரியும்."

"என்ட்ட ஏம்மா சொல்லல?"

"வீட்டுக்கு வந்த அன்னைக்குச் சாயங்காலம் நீங்க கூப்பிட்டிய. சொல்லத்தான் எடுத்தேன். அப்பான்னேன். நீங்க, இரு இரு, அந்தப் பாட்டுல தவில் நிக்குத எடத்தக் கவனிச்சியான்னு ஆரம்பிச்சிட்டிய."

எனக்கு அந்தப் பேச்சு நன்றாக நினைவிருந்தது. மறக்க வழியில்லை. அந்தப் பாட்டில் தவில் திடீரென்று ஒரு ஆவர்த்தனம் முழுக்க நின்றுவிடும். நாகஸ்வரம் மட்டும் துணையில்லாமல் நிற்கும். பிறகு தவில் வந்து விழும். சந்தோஷம் அந்த அடியில் இல்லை, அடிக்கு முந்தின அந்த வெறுமையில்தான் தயாராகிறது என்று நான் அவளுக்கு விளக்கினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ரசிக்கிறாள் என்று நினைத்தேன். கடைசியில் "சரிப்பா, வச்சிருதேன்" என்றாள். அந்த விளக்கத்தையே அடுத்த கூட்டத்தில் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன்.

பஸ் வந்தது. "இனிமே நீங்க கூப்பிடாதீங்கப்பா. நானே கூப்பிடுதேன்" என்றாள். கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சண்டை பிடித்தேன். எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"அவதான் சொல்ல வேண்டாம்னா. நீங்களும் ஒரு நாளாவது கேட்டியளா?"

"தெனமும் நல்லாருக்கியான்னு கேட்டேனே!"

"அது கேக்கதா? டேசன்ல ரயிலு வருதுன்னு மைக்ல சொல்லுவான்லா, அந்த மாதிரி."

அம்மாவும் பெண்ணும் தினமும் பேசிக்கொண்டார்கள். நான் அடுத்த அறையில் உட்கார்ந்து மனைவியின் பாதிப் பேச்சை மட்டும் கேட்பேன். அந்தப் பாதியை வைத்து மறுபாதியை ஊகிப்பேன். போனை என்னிடம் கொடு என்று கேட்க வாய் வராது. அதன் பிறகு, கூப்பிடாதே என்று சொன்னதையும் மீறி, என் போனிலிருந்து கூப்பிடுவேன். புல்லாங்குழல் வரும். குரல் ஏறும், வழுக்கும். மறுபடி புல்லாங்குழல்.

முதலில் அந்தப் பாட்டு எனக்குத் தாங்க முடியாத அழுகையாக இருந்தது. சில நாளில் அதே பாட்டு கேலி செய்வது போலானது. பங்குனியில் எனக்குக் கோபம் வந்தபோது அதுவும் கோபமாக இருந்தது. ஒரு கட்டைகூட மாறவில்லை. சித்திரையில் கோயில் திருவிழாவுக்குத் தெருவில் ரேடியோ செட்டுக் கட்டியிருந்தார்கள். அதில் அந்தப் பாட்டை முழுதாகப் போட்டார்கள். நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். அரை நிமிடத்துக்கு அப்பால் அது வேறு பாட்டு. பல்லவி முடிந்ததும் தாளம் சேர்கிறது, சரணத்தில் ராகமே மாறுகிறது, பின்னால் குழந்தைகள் சேர்ந்து பாடுகிறார்கள். ஏதோ வீட்டுக்கு யாரோ திரும்பி வருகிற பாட்டு. நான் கேட்ட துக்கம் பாட்டில் இல்லை. அதை வெட்டின இடத்தில்தான் இருந்தது. அருமையான கண்டுபிடிப்பு. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று கை பரபரத்துப் போனை எடுத்தது. அவள் நம்பரைத்தான் அமுக்கியிருந்தேன். நல்லவேளை, அவள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இந்தப் புத்தியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கூட்டத்தில் எழுந்து ஒப்புக்கொள்வோம் என்று போனேன். பாட்டை வைத்து மனசைச் சொல்ல முடியும் என்று நான் சொன்னது முட்டாள்தனம், என் வீட்டிலேயே எனக்குத் தெரியவில்லை என்றேன். "சாருக்கு எவ்வளவு அடக்கம்!" என்று கைதட்டினார்கள். அடுத்த பாட்டுக்கு விளக்கம் கேட்டார்கள். நானும் சொன்னேன். நன்றாகவே சொன்னேன்.

வைகாசியில் ஒரு சாயங்காலம், எடுக்க மாட்டாள் என்ற நிச்சயத்தோடுதான் கூப்பிட்டேன். எடுத்தால் பேச ஒரு வாக்கியம் தயாராக இருந்தது: தப்பு என்மேலதாம்மா. புல்லாங்குழல் முடிந்து குரல் ஏறத் தொடங்கியது. பாட்டு அறுந்தது. "அப்பா" என்றாள்.

"ஐயோ, இப்பத்தான் மேல ஏறுது" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. எதிரில் யாரோ சாக்கை உதறுவது மட்டும் கேட்டது.

"பாட்டு முடியணும்னா வச்சிருதேம்ப்பா" என்றாள். கோபமா, கிண்டலா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷக் காதும் உதவவில்லை.

"வைக்காதம்மா. கார்த்திகைல நடந்ததச் சொல்லு. நான் குறுக்க ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"இப்ப எதுக்குப்பா?"

"தெரியல. சொல்லு."

சொல்லத் தொடங்கினாள். முதல் நாள் இடுப்பு வலித்தது, வாயுப்பிடிப்பு என்று நினைத்தது, மழையில் கார் கிடைக்காமல் வத்தல் வேனில் தூத்துக்குடிக்குப் போனது. அழவில்லை. சந்தைக்குப் போய் வந்ததைச் சொல்வது போல ஒரே சீராகச் சொன்னாள். நான் கேட்டேன். முழுதாகக் கேட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரல் ஒரே சுருதியில் ஏறாமல் இறங்காமல் நிற்கிறது என்பதை என் காது குறித்துக்கொண்டது. இது ஏன் அழுகையைவிடக் கனமாக இருக்கிறது என்று மனம் காரணம் தேடத் தொடங்கியது. அந்தத் தேடலில், டாக்டரம்மா என்று அவள் தொடங்கிய ஒரு வாக்கியம் எனக்குள் போகவே இல்லை.

"கேக்கீங்களாப்பா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டிருக்கலாம். அவளுக்குத் தெரிந்திருக்காது.

"டாக்டரம்மா சொன்னத விட்டுட்டேம்மா" என்றேன். "மனசு வேற எங்கயோ போயிட்டு. திரும்பச் சொல்லு."

அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு, டாக்டரம்மா சொன்னதிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினாள்.