விருந்தாளிக்கு வைத்த தண்ணீர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்தது எங்கள் ஊர். கம்பெனிகள் வந்த சில வருஷத்திலேயே போர் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. அதில் வடித்தால் சோறும் மஞ்சள். குடிக்கவும் சமைக்கவும் லாரிகள் பறக்கும் ரோட்டைத் தாண்டிப் பக்கத்து ஊரிலிருந்துதான் தூக்கி வர வேண்டும். ஆம்பளைகள் யாரும் குடம் தூக்கி நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அண்ணிதான் தூக்கினாள். அப்போது அவளுக்கு ஆறாவது மாசம். அதற்கு முன் ஒன்று கலைந்திருந்தது.

அந்த வருஷம் எங்கள் மகளிர் குழுவைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருவதாகச் சொன்னார்கள். ‘பெண் சமத்துவமும் நீடித்த வளர்ச்சியும்’ என்று பேனர் கட்டினார்கள். இவர்கள் பார்த்து எழுதினால் எங்கள் தெருவுக்குக் குழாய் வரும் என்றார் குழுவைக் கவனிக்கும் அதிகாரி. பேச்செல்லாம் வேண்டாம், போர் தண்ணீரை டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்தாலே போதும் என்று குழுவில் முடிவு செய்தோம். கொடுக்க வேண்டியவள் அண்ணி.

வந்தார்கள். நல்ல வெயில். அவர்களில் வயதான ஓர் அம்மாள் முகமெல்லாம் சிவந்துபோய் எங்கள் வாசலில் உட்கார்ந்தார். மஞ்சள் தண்ணீரைக் கையில் எடுத்த அண்ணி அப்படியே நின்றுவிட்டாள்.

“இன்னா அண்ணி, குடு.”

“ஊடு தேடி வந்தவங்களுக்கு இத்த எப்டிடி குடுக்கறது? மனசு வரல.”

காலையில் தூக்கி வந்த குடத்தைச் சாய்த்து நல்ல தண்ணீரைக் கொடுத்தாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அம்மாள் ஒரே மடக்கில் குடித்தார். நீங்கள் குடிப்பது இதுதானா என்று அதிகாரி மூலம் கேட்டார். அண்ணி தலையாட்டினாள். அதில் பொய்யில்லை. தண்ணீர் அருமை என்றாராம் அம்மாள். மற்றவர்களும் வாங்கிக் குடித்தார்கள். குடம் காலியானது.

“இது பக்கத்து ஊர் தண்ணி சார், அத்த சொல்லுங்க” என்றேன்.

“நேரமாச்சும்மா, கம்பெனில சாப்பாடு ரெடியா இருக்கு” என்றார் அதிகாரி.

வீட்டில் முடிவெடுப்பது யார் என்று அவர்கள் கேட்டதற்கு, பெண்கள்தான் என்று அவரே பதிலும் சொல்லிவிட்டார்.

கார்கள் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் அண்ணி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“எங்க கிளம்பிட்ட?”

“உங்கண்ணன் ஷிப்ட் முடிஞ்சு வந்துடும். உலை வைக்கத் தண்ணி வேணாமா?”

ரோட்டைப் பார்த்து மெல்ல நடந்தாள். அடுத்த வருஷம் குழாய் வேறு ஊருக்குப் போனது. எங்கள் ஊரில் தண்ணீர் நன்றாக இருக்கிறதாம்.